ஊரில் வேறு கடையா இல்லை?

1 ஜூலை 2023. நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர் தொடங்கிய கேள்வி

"அக்கா, நேற்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கொலராடோ சகோதரி ஜெயித்துவிட்டார். ஓரினச்சேர்க்கைத் திருமணத்துக்கு வெப்சைட் செய்து தர முடியாது என்று சொன்னவர். எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஸ்தோத்திரம் சொல்லி ஜெபித்தோம். மதச் சுதந்திரத்துக்கு எவ்வளவு பெரிய வெற்றி! நீங்கள் அந்த நாட்டிலேயே இருக்கிறீர்கள், ஒரு வரிகூட எழுதவில்லையே? ஊரில் வேறு கடையா இல்லை? விசுவாசியின் கடைக்குத்தான் வந்து நிற்க வேண்டுமா?"

2 ஜூலை 2023, மதியம்

தம்பி, முதலில் தீர்ப்பு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். லோரி ஸ்மித் என்பவர் வெப்சைட் வடிவமைப்பவர். அவர் அதுவரை ஒரு திருமண வெப்சைட்கூடச் செய்ததில்லை. இனிமேல் அந்தத் தொழிலில் இறங்கினால் கொலராடோ மாநிலச் சட்டம் தன்னைக் கட்டாயப்படுத்துமே என்று முன்கூட்டியே வழக்குப் போட்டார். 6க்கு 3 என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி கோர்சச்.

நீங்கள் ஸ்தோத்திரம் சொன்ன அந்த "மதச் சுதந்திரம்" தீர்ப்பின் அடிப்படையே இல்லை. பேச்சுச் சுதந்திரம் என்ற ஒரே கேள்வியைத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வெப்சைட் எழுதுவதும் ஒரு பேச்சு, தனக்கு ஒப்பாத பேச்சைப் பேசச் சொல்லி அரசு ஒருவரை வற்புறுத்த முடியாது என்பதுதான் சாரம். மதமே இல்லாத ஒருவரும் நாளைக்கு இதே தீர்ப்பைக் கையில் எடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். வேலையிடத்தில் ஒருவரைத் தன்பாலினத்தவரை நேசிப்பவர் என்பதற்காக நீக்கக் கூடாது என்று 2020 ஜூனில் தீர்ப்பு எழுதியவரும் இதே கோர்சச்தான். அதுவும் 6க்கு 3. அந்த வாரம் நம் ஆட்கள் அவரைத் துரோகி என்றார்கள். இந்த வாரம் அவருக்காக ஜெபிக்கிறார்கள்.

வேறு கடை பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிவந்தேன். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

2 ஜூலை 2023, இரவு

மேலே எழுதியதில் ஒரு அவசரம் இருக்கிறது. மதச் சுதந்திரத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை என்ற தொனி வந்துவிட்டது. சட்டத்தின் வாசல் பேச்சுச் சுதந்திரம், சரி. ஆனால் அந்தப் பெண்ணை அந்த வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தது அவருடைய விசுவாசம்தான். அதை நான் மறைக்கக் கூடாது.

5 ஜூலை 2023

"அமெரிக்காவில் மதச் சுதந்திரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதாமே, அது எப்போது வந்தது?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கதை ஒரு கள்ளிச்செடியில் தொடங்குகிறது.

ஆரிகன் மாநிலத்தில் ஆல்ஃபிரட் ஸ்மித், கேலன் பிளாக் என்று இரண்டு பேர். போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர்கள். அமெரிக்கப் பழங்குடியினர் சபையில் பெயோட்டி என்ற கள்ளியை ஆராதனையில் உட்கொள்வார்கள், நாம் இராப்போஜனம் எடுப்பதுபோல. அது போதைப்பொருள் பட்டியலில் இருந்தது. வேலை போயிற்று. வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் பொதுவாகப் போடப்பட்ட சட்டம் ஒருவருடைய வழிபாட்டில் தற்செயலாக இடித்தால், அதிலிருந்து விலக்குக் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார்.

அதற்குப் பதிலாகத்தான் 1993இல் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் வந்தது. செனட்டில் 97க்கு 3. கிளிண்டன் கையெழுத்துப் போட்டார். இடதுசாரி உரிமை அமைப்புகளும் சுவிசேஷ சபைகளும் யூதர்களும் ஒரே மேடையில் நின்று அதை ஆதரித்தார்கள். அரசு ஒருவருடைய வழிபாட்டின் மேல் பாரம் ஏற்றினால், அதற்கு மிக வலுவான காரணம் காட்ட வேண்டும். வேறு வழி இல்லை என்றும் காட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

நல்ல சட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். சிறுபான்மைக்காக எழுதப்பட்டது அது. அரசு பலசாலி, வழிபடுகிறவன் எளியவன் என்பதுதான் அதன் படம். 1997இல் அது மத்திய அரசுக்கு மட்டுமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தங்களுக்கென்று இதைப் போல எழுதத் தொடங்கின. அந்த வரிசையில் 2015இல் வந்தது நான் வாழும் இந்தியானா. படம் இங்கேதான் மாறியது.

6 ஜூலை 2023

சென்னையிலிருந்து ஒரு சகோதரி நேரடியாகக் கேட்டிருக்கிறார்: "நீங்களும் அந்தத் தம்பியும் 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதும்போதே அந்த மனிதரைப் படுக்கையறையாகச் சுருக்கிவிடுகிறீர்களே. உங்களை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா?"

கூப்பிட மாட்டார்கள். பழைய பதிவுகளில் நானும் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன். இனி தன்பாலீர்ப்பாளர் என்றே எழுதுகிறேன். தம்பி கேட்ட கேள்வியை மட்டும் அவர் எழுதியபடியே விட்டுவிடுகிறேன், அது அவருடையது.

இந்தச் சொற்கள் ஏதோ இணையத்தில் முளைத்தவை என்று நினைப்பவர்களுக்கு: 2021 ஜூன் 7இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவைப் படியுங்கள். இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதி அப்படிச் செய்ததை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

9 ஜூலை 2023, ஆராதனை முடிந்து வந்து

2015 மார்ச் கடைசி வாரம். நான் இண்டியானாபொலிஸில் இருந்தேன், அதனால் இதைப் பார்த்தவளாக எழுதுகிறேன்.

மார்ச் 26, வியாழக்கிழமை. ஆளுநர் மைக் பென்ஸ் இந்தியானாவின் மதச் சுதந்திரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பத்திரிகையாளர்களைக் கூப்பிடவில்லை. பின்னால் கன்னியாஸ்திரீகளும் துறவிகளும் நிற்கும் ஒரு புகைப்படம் வெளியே வந்தது. என் சபையில் அதைக் கைபேசியில் காட்டி மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

1993 சட்டத்துக்கும் இதற்கும் இரண்டு முக்கிய வித்தியாசங்கள். லாபத்துக்கு நடத்தும் வியாபாரங்களும் இதைப் பயன்படுத்தலாம். அரசு சம்பந்தப்படாத, இரண்டு தனியார் நடுவிலான வழக்கிலும் பயன்படுத்தலாம். அதாவது கடைக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்ப, அவர் வழக்குப் போட்டால், கடைக்காரர் இந்தச் சட்டத்தைக் கேடயமாக நீட்டலாம். தன்பாலீர்ப்பாளர்களுக்கு மாநில அளவில் பாதுகாப்புச் சட்டம் எதுவும் இந்தியானாவில் இல்லை. எங்கள் நகரத்தில் மட்டும் 2005இலிருந்து ஒரு நகரச் சட்டம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பென்ஸ் தொலைக்காட்சிக்கு வந்தார். பூக்கடைக்காரர் ஒரு தன்பாலீர்ப்பு ஜோடிக்குப் பூ தர மறுத்தால் இந்தச் சட்டப்படி அது செல்லுமா, ஆமா இல்லையா என்று நிருபர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாவும் வரவில்லை, இல்லையும் வரவில்லை. நான் சோபாவில் உட்கார்ந்து, "இல்லை என்று சொல்லுங்களேன், அவ்வளவுதானே" என்று டிவியைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர் சொல்லவில்லை. என் சந்தோஷத்தில் முதல் விரிசல் அங்கேதான்.

செவ்வாய்க்கிழமை இண்டியானாபொலிஸ் ஸ்டார் பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மூன்றே சொற்கள், 'இதை இப்போதே சரிசெய்யுங்கள்' என்ற அர்த்தத்தில். அந்த வார இறுதியில் கல்லூரிக் கூடைப்பந்து இறுதிப் போட்டி எங்கள் ஊரில். கம்பெனிகள் விலகுகிறோம் என்றன. அதையெல்லாம் "பணக்காரக் கம்பெனிகளின் மிரட்டல்" என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாத ஒன்று இருந்தது. கிறிஸ்துவின் சீடர்கள் என்ற சபைப்பிரிவின் தலைமையகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 2017 பொதுப்பேரவையை இங்கே நடத்துவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்று அவர்கள் ஆளுநருக்கு எழுதினார்கள். எல்லாரையும் மேசைக்கு அழைத்த ஒருவரைப் பின்பற்றுகிறோம் என்பதுதான் அவர்களுடைய காரணம். ஆக, கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், உலகம் மறுபக்கம் என்று என் சபையில் போட்டிருந்த கணக்கு பிசகியது.

ஏப்ரல் 2இல் திருத்தம் வந்தது. இந்தச் சட்டத்தைக் காட்டி யாருக்கும் சேவையோ வீடோ வேலையோ மறுக்க முடியாது, சபைகளுக்கும் போதகர்களுக்கும் மட்டும் விலக்கு. ஒரே வாரம்.

9 ஜூலை 2023, சற்றுப் பிறகு

எழுத மறந்தது. அந்தச் சட்டம் செத்துப்போகவில்லை. போன செப்டம்பரில் இந்தியானாவின் கருக்கலைப்புத் தடையை எதிர்த்து யூதப் பெண்கள் உள்ளிட்ட சிலர் அதே சட்டத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். எங்கள் மதத்தில் தாயின் உயிரும் நலமும் முதன்மை, இந்தத் தடை எங்கள் விசுவாசத்தின் மேல் பாரம் என்றார்கள். டிசம்பரில் கீழ் நீதிமன்றம் அவர்களுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2015இல் கைபேசியில் அந்தப் புகைப்படத்தைக் காட்டிய எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. மதச் சுதந்திரம் என்று எழுதினால் எல்லா மதத்துக்கும்தான்.

12 ஜூலை 2023

தம்பி மறுபடியும் கேட்கிறார்: "வேறு கடை?"

நான் நாசரேத் பக்கம் வளர்ந்தவள். எங்கள் ஊருக்கு வெளியே பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. உள்ளே கண்ணாடி டம்ளர். வெளியே வேப்பமரத்து ஆணியில் நாலு அலுமினிய டம்ளர் கவிழ்த்துத் தொங்கும். யாருக்கு எது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே குடிப்பவர் குடித்துவிட்டு அவரே கழுவித் தொங்கவிட வேண்டும். என் அப்பா உள்ளே உட்கார்ந்து குடிப்பார், என்னையும் மடியில் வைத்துக்கொண்டு. அந்தக் கடைக்காரரும் சபைக்கு வருகிறவர்தான். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவங்க ஆளு கடை இருக்கே" என்று அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கடையில் பால் நன்றாக இருக்குமாம்.

டீ எங்கேயும் கிடைக்கும். ஆணியில் தொங்கும் டம்ளரைப் பார்த்தபிறகு அந்த மனிதர் அடுத்த கடைக்கு எப்படி நடந்துபோவார் என்பதை ஒரு கிறிஸ்தவக் குழந்தையாக நான் ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கடை இருந்தது. தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற பார்பிக்யூ உணவகம். மாரிஸ் பெசிங்கர் என்ற முதலாளி. இனப் பாகுபாட்டைத் தடுத்த 1964 குடிமை உரிமைகள் சட்டம் வந்தபிறகும் கறுப்பினத்தவருக்கு உட்கார இடம் தரவில்லை. இனங்கள் கலப்பது தேவசித்தத்துக்கு விரோதம், அதனால் இந்தச் சட்டம் என் மதச் சுதந்திரத்தை மீறுகிறது என்று நீதிமன்றத்தில் வாதாடினார். 1968இல் உச்ச நீதிமன்றம் அதை வாதம் என்றே மதிக்கவில்லை.

நம் ஊருக்கும் இப்படி ஒரு வழக்கு உண்டு. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவில். இரண்டு நீளக் கூடங்கள் பீடத்தில் வந்து சேரும்படி, கால்சட்டை மாதிரி கட்டியது. வெள்ளாளர் ஒரு கால், நாடார் உள்ளிட்ட மற்றவர்கள் மறுகால். நடுவில் சுவர். 1910இல் பாதிரியார் சுவரை இடித்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழிபாட்டில் எங்கள் பழைய உரிமை, அதை மீட்டுக்கொடுங்கள் என்று. கடைசியில் மதராஸ் உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை.

இதை நான் ஏன் இழுக்கிறேன் என்றால், அந்த வெள்ளாளர்கள் பொய்யர்கள் இல்லை. மனசாரத்தான் நம்பினார்கள். பெசிங்கரும் நம்பினார். நம்பிக்கை உண்மையானது என்பது மட்டும் ஒருவரை வெளியே நிறுத்தப் போதுமான காரணமாகாது.

13 ஜூலை 2023

எதிர்பார்த்த பதில் வந்துவிட்டது. "சாதி பிறப்பு, அக்கா. நிறம் பிறப்பு. இது பாவம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு."

கடைக்கு வருகிறவர்களில் யாருடைய பாவத்தை நாம் விசாரிக்கிறோம்? விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் செய்கிறவர்களுக்கு நம் விசுவாசிகள் கேக் செய்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அதைப் பற்றி இயேசு நேரடியாகவே பேசியிருக்கிறார். வட்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறோம். வரதட்சணை எண்ணி வாங்கிய கல்யாணத்தில் ஜெபம் பண்ணுகிறோம், அதுவும் ஆலயத்தில். வெளியே இருப்பவர்களை நியாயந்தீர்ப்பது என் வேலையா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது கேட்கிறார். நாம் வெளியே இருப்பவர்களில் ஒரே ஒரு கூட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

என் நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதை நான் இன்னும் கைவிடவில்லை. முன்புபோல உறுதியாகவும் இல்லை. என் சபை ஆலயத்தில் யாருக்குத் திருமணம் நடத்துவது என்பதை அரசு சொல்லக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெருவைப் பார்த்துத் திறந்த கடை வேறு.

15 ஜூலை 2023

டொரண்டோ அண்ணன் ஒரு கேள்வி போட்டு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். "ஒரு தலித் சகோதரர் அச்சகம் வைத்திருக்கிறார். சாதிச் சங்கம் ஒன்று வந்து, தங்கள் சாதிப் பெருமை பேசும் சுவரொட்டி அடித்துத் தா என்கிறது. அவர் அடித்தே தீர வேண்டுமா?"

வேண்டாம். அடிக்கவே வேண்டாம்.

அப்படியானால் லோரி ஸ்மித்துக்கும் அதே நியாயம் உண்டா என்று இரண்டு நாளாக மல்லாடுகிறேன். இப்போதைக்கு எனக்குத் தெரிவது இது. அச்சகக்காரர் அந்தச் சுவரொட்டியை எந்தச் சாதிக்காரர் கேட்டாலும் அடிக்க மாட்டார். அதே சாதிக்காரர் தன் மகள் பூப்புனித நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் கேட்டால் அடித்துக் கொடுப்பார். அவர் மறுப்பது வாசகத்தை. வெப்சைட் விஷயத்தில் இரண்டு பேர் பெயர், தேதி, மண்டபத்துக்கு வழி, இவ்வளவுதான் இருந்தால் அதில் வாசகம் எது, ஆள் எது? ஒரு பெயரை மாற்றினால் அப்படியே வேறு ஜோடிக்குப் பொருந்துகிற பக்கம் அது. அங்கே மறுக்கப்படுவது ஆள்தான் என்று எனக்குப் படுகிறது. நீதிபதி சோட்டோமேயரின் மாறுபட்ட தீர்ப்பும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

ஆனால் கொலராடோ கேக் கடைக்காரர் ஜாக் ஃபிலிப்ஸை நினைத்தால் என் மனம் இளகுகிறது, அதையும் எழுதிவிட வேண்டும். அவர் ஹாலோவீன் கேக்கும் செய்ய மாட்டார். 2012இல் வந்த இரண்டு பேரிடம் பிறந்தநாள் கேக், பிஸ்கட் எது வேண்டுமானாலும் தருகிறேன், திருமண கேக் மட்டும் முடியாது என்றார். மாநிலம் உத்தரவு போட்டபோது திருமண கேக் செய்வதையே யாருக்கும் நிறுத்திவிட்டார். தன் வருமானத்தில் விலை கொடுத்தார். 2018இல் 7க்கு 2 என்று அவர் ஜெயித்ததுகூட, மாநில ஆணையம் அவருடைய விசுவாசத்தை இளக்காரமாகப் பேசியது என்ற ஒரே காரணத்துக்காகத்தான். அந்த இளக்காரம் உண்மை. படித்தபோது எனக்கும் வலித்தது.

அந்தக் கடைக்கு அன்று மணமகன்களில் ஒருவரின் தாயும் கூட வந்திருந்தார். மகன் கல்யாணத்துக்கு கேக் பார்க்க வந்த அம்மா. ஃபிலிப்ஸைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த அம்மாவும் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

16 ஜூலை 2023

மத்தேயு 5:41 அனுப்பிய சகோதரருக்கு நன்றி. "ஒருவன் உன்னை ஒரு மைல் தூரம் வரப் பலவந்தம்பண்ணினால், அவனோடு இரண்டு மைல் தூரம் போ." இரண்டு கேக் செய்து கொடு என்று அவர் அர்த்தம் சொல்கிறார். அழகாக இருக்கிறது. ஆனால் பலவந்தம் பண்ணியவன் ரோமச் சிப்பாய், ஆயுதம் வைத்திருந்தவன். கேக் கேட்டு வந்த ஜோடியை அந்தச் சிப்பாய் இடத்தில் வைத்துப் படிக்க என்னால் முடியவில்லை.

23 ஜூலை 2023

இந்த இழையில் நான் இதுவரை எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

நான் சனி, ஞாயிறுகளில் பார்ட்டிகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள் என்று பலருக்குத் தெரியும். வாடகைக்கு ஒரு கிச்சன், நாலு பெரிய பாத்திரம், அலுமினிய ட்ரே, ஒரு பழைய வேன். மட்டன் பிரியாணி, கத்திரிக்காய்க் கொத்சு, கேட்டால் ரவா கேசரி.

2015 ஏப்ரல் இரண்டாவது வாரம், அந்தச் சட்டத்தைத் திருத்தி முடித்து ஊர் கொஞ்சம் அமைதியானபோது, ஒரு போன். என் அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்தவர். என் அப்பா இறந்து நான் ஊருக்குப் போன மூன்று வாரமும் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். மே 16, சனிக்கிழமை, 60 பேருக்குப் பிரியாணி வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். கல்யாண வரவேற்பு என்றார். அவரும் இன்னொருவரும். முந்தைய வருடம் அக்டோபரிலிருந்தே இந்தியானாவில் அது சட்டப்படி செல்லும்.

என் முன்னால் பிரிட்ஜ் கதவில் ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய சபைக் காலண்டர். மேலே வசனம், கீழே கட்டம் கட்டமாகத் தேதி. ஆர்டர் வந்தால் பச்சைப் பேனாவால் வட்டம் போடுவேன். மே 16 கட்டம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஐயோ, அன்றைக்கு வேறு ஆர்டர் எடுத்துவிட்டேனே" என்றேன்.

அவர் ஒரு நொடி சும்மா இருந்தார். "பரவாயில்லை, இன்னொரு நாள் சாப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டார்.

போனை வைத்ததும் பச்சைப் பேனாவை எடுத்து மே 16ஐச் சுற்றி வட்டம் போட்டேன். பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்பதுபோல. என் கணவர் மாலையில் அதைப் பார்த்து, "யாருக்கு ஆர்டர்?" என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை.

ஃபிலிப்ஸ் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் அதுகூடச் செய்யவில்லை. எந்தச் சட்டத்தையும் நான் நீட்டவில்லை, எனக்குத் தேவைப்படவுமில்லை. மனச்சாட்சிக்காக மறுத்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மனச்சாட்சியாக இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். எனக்கு இருந்தது பயம். சபையில் யாராவது அந்த ஹாலில் என் வேனைப் பார்த்துவிட்டால் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

வேறு கடை இருந்தது. இந்தியச் சாப்பாடு தரும் இடம் இந்த ஊரில் நிறைய உண்டு. அந்தச் சமாதானத்தோடு எட்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

24 ஜூலை 2023

இத்தனை பதில்கள் வரும் என்று நினைக்கவில்லை. கண்டித்தவர்களுக்கும் தேற்றியவர்களுக்கும் நன்றி. "நீங்கள் செய்தது சரிதான், ஏன் குற்ற உணர்ச்சி?" என்று கேட்டவருக்கு: சரி என்றால் பொய் எதற்கு?

30 ஜூலை 2023

யூட்டாவைப் பற்றி ஒருவர் எழுதச் சொன்னார். நல்ல உதாரணம். இந்தியானாவுக்கு இரண்டே வாரம் முன்னால், 2015 மார்ச்சில், மார்மன் சபையும் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளும் உட்கார்ந்து பேசி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு கூடாது, சபைகளுக்கும் அதன் நிறுவனங்களுக்கும் விலக்கு. கடைகளை மட்டும் இரண்டு பக்கமும் தொடாமல் விட்டுவிட்டார்கள். கடினமான முடிச்சு எது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

வேர்ல்டு விஷன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்களில் அதன் உதவியில் படித்தவர்கள் பலர். 2014 மார்ச்சில் அதன் அமெரிக்கக் கிளை, தன்பாலினத் திருமணம் செய்த கிறிஸ்தவர்களையும் வேலைக்கு எடுப்போம் என்று அறிவித்து, இரண்டே நாளில் பின்வாங்கியது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் தாங்கள் தாங்கிவந்த குழந்தைகளுக்கான பணத்தை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு அலுவலகத்தில் யார் வேலை பார்ப்பது என்ற கோபத்தில், எங்கோ இருக்கும் ஒரு பிள்ளையின் பணத்தை. அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்னொன்று. "மதச் சுதந்திரச் சட்டம்" என்ற பெயரைக் கேட்டால் இந்தியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வர வேண்டும். 1967இல் ஒரிசாவில் மதமாற்றத் தடைச் சட்டத்துக்கு வைத்த பெயர் அதுதான். மத்தியப் பிரதேசம், குஜராத் எல்லாம் பின்னால் வந்தன. தமிழ்நாட்டில் 2002இல் வந்த அவசரச் சட்டத்துக்கு எதிராக நம் பள்ளிகளை ஒருநாள் மூடிப் போராடினோம், 2004இல் போயிற்று. சட்டத்தின் பெயரை நம்பாதே, அது யார் கையில் யாருக்கு எதிராக இருக்கிறது என்று பார் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வாலிபர் கூட்டத்தில் ஜெபித்த தம்பி, இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

19 அக்டோபர் 2023

நேற்று முன்தினம் டெல்லியில் தீர்ப்பு வந்துவிட்டது. தன்பாலினத் திருமணத்துக்கு அரசியல் சாசன உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரல். திருமணம் இல்லாத இணைவாழ்வையாவது அங்கீகரிக்க வேண்டுமா என்பதில் 3க்கு 2, அதுவும் இல்லை என்று. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப்பிரிவை 2018 செப்டம்பர் 6இல் தளர்த்தியபோது அழுத சென்னைச் சகோதரி இன்று எனக்கு ஒரே வரி அனுப்பியிருக்கிறார். அதை இங்கே போட அவர் அனுமதிக்கவில்லை.

29 அக்டோபர் 2023

ஜூலையில் பலரும் கேட்டீர்கள், அந்த அலுவலக நண்பரிடம் பேசினீர்களா என்று. அவர் வேலை மாறி வேறு ஊர் போய்விட்டார். முகவரி தேடி, போன மாதம் ஒரு கடிதம் எழுதினேன். காலண்டர், பச்சைப் பேனா, எல்லாவற்றையும் எழுதினேன். மன்னித்துவிடுங்கள் என்று கடைசியில் எழுதி, அது அவர்மேல் இன்னொரு பாரம் வைப்பதாகப் பட்டு அடித்துவிட்டு, வருந்துகிறேன் என்று மட்டும் எழுதினேன்.

நேற்று பதில் வந்தது. அவர் சம்மதத்தோடு ஒரு பகுதியை மட்டும் தமிழில் தருகிறேன்.

"அன்றே தெரியும். நீங்கள் தேதியைச் சொல்லும் முன் காலண்டரைப் புரட்டும் சத்தம் வரும், அன்று வரவில்லை. உங்கள் பிரியாணி எனக்குப் பிடிக்கும், ஆனால் உங்களைக் கூப்பிட்டது அதற்காக மட்டும் இல்லை. என் அம்மா கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நீங்கள் உங்கள் அப்பா இறந்தபோது மேசையில் தலை வைத்து ஜெபித்ததைப் பற்றி அவரிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். அந்தப் பெண்தான் சமைக்கப்போகிறாள் என்றால் ஒருவேளை வருவார் என்று நினைத்தேன்."

அம்மா வரவில்லை.